கடைமடை வரை: ஆப்பிரிக்காவைக் குழுவாகக் கடக்க எந்த வழி, எந்த விமானம்?

போன வருடம் கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் குழுவாக ஆப்பிரிக்காவைக் கடந்தபோது, வலங்கைமான் தம்பியின் விமானம் கார்ட்டூமில் மூன்று வாரம் நின்றுவிட்டது. கார்ட்டூமிலிருந்து நைரோபிக்குப் பறந்துகொண்டிருந்தோம். கிளம்பி இரண்டே முக்கால் மணி நேரம் ஆனபோது தம்பி இருந்த வீட்டில் கரண்ட் போனது, பறந்த தூரம் கணக்கில் சேரவில்லை. அடுத்த ஞாயிறு அவருக்குச் செமஸ்டர் தேர்வு. அதற்கும் அடுத்த வாரம் அவர் வந்து பார்த்தபோது நாங்கள் லுசாகாவில் இருந்தோம். கெய்ரோவில் ஒன்பது பேராகக் கிளம்பினோம். கேப் டவுனில் இறங்கியது நான்கு பேர். மேஜை மலை எதிரே நிற்கிறது, ஹெட்செட்டில் யாரும் பேசவில்லை. கடைசியில் மயிலாடுதுறை ஐயாதான் சொன்னார்: “தண்ணி தலைமடையோட நின்னுடுச்சு தம்பி. கடைமடைக்கு வரலை.”

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மேட்டூர் திறந்து கல்லணைக்குத் தண்ணீர் வந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் வாய்க்காலின் கடைசி மதகைத் தாண்டி இருக்கிற வயல் நனைந்த பிறகுதான் அந்த வருடப் பாசனம் நடந்தது என்று சொல்வோம். சிமுலேட்டரில் குழுவாகப் பறப்பதற்கும் அதே கணக்கைத்தான் வைக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். இந்த வருடம் மறுபடியும் ஆப்பிரிக்காவைக் கடக்கிறோம், ஏற்பாடு என் பொறுப்பு. வழி, விமானம், இணைப்பு, நேரம் என்று ஒவ்வொன்றிலும் என்னென்ன வாய்ப்புகள் இருந்தன, எதை எடுத்தேன், எதை ஏன் விட்டேன் என்று எழுதி வைக்கிறேன். இதே மாதிரி கிளம்ப நினைக்கும் வேறு குழுவுக்கும் உதவும்.

முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவுகள் எல்லாம் இவர்களைப் பொறுத்தவைதான். கும்பகோணத்தில் நான். பாபநாசத்தில் இருவர், திருவாரூரில் ஒருவர், மயிலாடுதுறை ஐயா, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர் ஆகிய ஐந்து பேரிடமும் என்னிடமும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் இருக்கிறது. மன்னார்குடி அண்ணனிடமும் அதுவே, ஆனால் அவருக்கு விவசாயம் முதலில், விமானம் பிறகு. நாகப்பட்டினம் அக்கா எக்ஸ்-பிளேன் என்ற வேறு சிமுலேட்டர் வைத்திருக்கிறார். எங்கள் எல்லோரிலும் சுத்தமாக லேண்டிங் செய்வது அவர்தான். வலங்கைமான் தம்பி போன வருடம் மாமா வீட்டுக் கணினியில் பறந்தார். இப்போது அவர் கையில் இருப்பது பழைய லேப்டாப், அதில் ஓடுவது மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டர், 2006-ல் வந்த எஃப்.எஸ்.எக்ஸ். அவர்தான் இந்த வருடம் எங்கள் கடைமடை.

எந்த வழி

வரைபடத்தை விரித்தால் மூன்று வழிகள் தெரியும்.

மேற்குக் கரை வழி: காசாபிளாங்காவில் தொடங்கி டக்கார், ஃப்ரீடவுன், அபிஜான், அக்ரா, லாகோஸ், டுவாலா, லிப்ரவில், லுவாண்டா, வால்விஸ் பே, கேப் டவுன். மொத்தம் 5,500 கடல் மைல் அளவுக்கு வரும். இந்த வழியின் பெரிய பலம், நிலையங்கள் அநேகமாகக் கடல் மட்டத்திலேயே இருப்பது. காற்று அடர்த்தியாக இருக்கும், சின்ன எஞ்சின் திணறாது, புதியவர்களுக்கு நல்லது. வரலாறும் உண்டு. காசாபிளாங்காவிலிருந்து டக்கார் வரை பிரெஞ்சுத் தபால் விமானங்கள் பறந்த வழி இது. எழுத்தாளர் செயிண்ட்-எக்சுபெரி 1927-ல் கேப் ஜூபி நிலையத்தின் பொறுப்பாளராகப் பாலைவன ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கேமரூன் மலை 4,000 மீட்டருக்கு மேல் கடலோரத்திலேயே எழுந்து நிற்பது பார்க்க வேண்டிய காட்சி. திருவாரூர் நண்பர் இந்த வழிக்குத்தான் வாதாடினார்.

நான் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் இரண்டு. இடது பக்கம் கரை, வலது பக்கம் கடல் என்று வாரக்கணக்கில் ஒரே காட்சி ஓடும். அதைவிட முக்கியமானது லுவாண்டாவிலிருந்து வால்விஸ் பே வரையுள்ள 850 கடல் மைல். நடுவில் நிறுத்தங்கள் வைத்துப் பிரிக்கலாம்தான். ஆனால் சலிப்பு சேர்ந்துபோயிருக்கும் பின்பாதியில் அந்த வறண்ட கரை வருகிறது. போன முறை ஆட்கள் விலகியதும் பின்பாதியில்தான்.

நடு வழி: அல்ஜியர்ஸிலிருந்து சகாராவைக் குறுக்கே வெட்டி தாமன்ராசெட், அகாடெஸ், இஞ்ஜமேனா, பாங்கி, பிறகு காங்கோ காடு. தைரியமான வழி. அல்ஜியர்ஸிலிருந்து தாமன்ராசெட் மட்டும் 840 கடல் மைல். நான்கு பேர் உட்காரும் சின்ன விமானமான செஸ்னா 172 ஒரே மூச்சில் போகக்கூடிய தூரமே 640 அளவுதான். காங்கோ மேல் ஒன்றரை மணி நேரம் பச்சையைத் தவிர வேறொன்றும் வராது. தனியாகப் பறப்பவர் ஒரு முறை செய்ய வேண்டிய பயணம் என்று மதிக்கிறேன். குழுவுக்கு வேண்டாம்.

கிழக்கு வழி: நைல் நதியோடு தெற்கே ஏறி, எத்தியோப்பிய மேட்டு நிலம், கென்யா, தான்சானியா, மலாவி ஏரி, விக்டோரியா அருவி, போட்ஸ்வானா, நமீபியா, கேப் டவுன். இதில் தொல்லைகள் நிறைய. அடிஸ் அபாபா நிலையம் 7,600 அடிக்கு மேல் இருக்கிறது, நைரோபி 5,300 அடியைத் தாண்டி இருக்கிறது. வழியில் மலையும் இடி மழையும் உண்டு. ஆனாலும் இதைத்தான் எடுத்தேன். ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தில் இல்லாத ஒன்று கீழே தெரியும். குழு கலையாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு காரணத்தை மறைக்க மாட்டேன். இந்த வழி ஒரு டெல்டாவில் தொடங்குகிறது, இன்னொரு டெல்டாவைத் தொட்டுவிட்டுப் போகிறது. போன முறை கெய்ரோவில் கிளம்பினோம். அதனால் டெல்டாவையே பார்க்கவில்லை, அது நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. இந்த முறை அலெக்சாண்ட்ரியா அருகே போர்க் எல் அராப் நிலையத்தில் தொடங்குகிறோம். ரஷீத் ஊரில் நைலின் மேற்குக் கிளை கடலில் சேரும் இடத்தை முதலில் பார்த்துவிட்டு, கிளையோடு எதிர்த் திசையில் ஏறினால், கெய்ரோவுக்குச் சற்று வடக்கே ஆறு இரண்டாகப் பிரியும் இடம் வரும். அங்கே 19-ம் நூற்றாண்டில் கட்டிய தடுப்பணை இருக்கிறது. காவிரியும் கொள்ளிடமும் பிரிவதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த இடத்தை யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. அப்புறம் அஸ்வான். 1970-ல் முடிந்த அந்த உயர் அணை, வண்டலைத் தன் பின்னாலேயே பிடித்துவைத்துக்கொண்டது. கீழே டெல்டா வயல்களுக்கு அந்த வண்டல் போவதில்லை. அணைக்கு மேலே நாசர் ஏரி அபு சிம்பெல் வரைக்கும், அதைத் தாண்டி சூடானுக்குள்ளும் நீண்டு கிடக்கிறது. மேட்டூருக்குக் கீழே வாழ்கிறவர்கள் அந்த ஏரியின் மேல் முழுக் கட்டமும் பறக்க வேண்டும் என்று ஐயா கேட்டார். வைத்துவிட்டேன்.

இரண்டாவது டெல்டா ஒகவாங்கோ. அங்கோலா மேட்டில் பிறக்கும் ஆறு, கடலையே பார்க்காமல் போட்ஸ்வானாவின் கலஹாரி மணலில் விரிந்து மறைகிறது. மழை பெய்வது அங்கோலாவில், வெள்ளம் மெதுவாக நகர்ந்து உச்சத்தை எட்டுவது ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குள், அதாவது அந்த ஊரின் வறட்சிக் காலத்தில். எங்கோ மலையில் பெய்த மழை, இங்கே வெயில் காயும்போது வந்து சேர்வது நமக்குப் பழகிய கதைதான். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாக அது சேர்ந்தது. அதன் விளிம்பில் இருக்கும் மவுன் நிலையத்திலிருந்து சின்ன விமானங்கள் காட்டுக்குள் இருக்கும் மண் ஓடுதளங்களுக்கு நாள் முழுக்கப் போய்வருகின்றன.

கார்ட்டூமைப் பற்றி எங்களுக்குள் பேச்சு எழுந்தது. 2023 ஏப்ரலில் அங்கே போர் தொடங்கியது. சிமுலேட்டரில் விமான நிலையம் பழையபடி அமைதியாக இருக்கிறது. நாகப்பட்டினம் அக்கா கேட்டார்: “நிஜத்துல அந்த ஊரு எரியுறப்ப நாம அங்க இறங்கி டீ குடிக்கப் போறோமா?” அரை மணி நேரம் யோசித்தோம். வெள்ளை நைலும் நீல நைலும் சேரும் இடம் அது. அதைச் சுற்றிக்கொண்டு போனால் அந்த ஊர் இல்லை என்று ஒதுக்கியதாகிவிடும் என்றார் ஐயா. இறங்குகிறோம், அன்றைக்கு மட்டும் ஹெட்செட்டில் அரட்டை கிடையாது. அக்காவும் அதற்குச் சம்மதித்தார்.

கட்டங்களை எப்படி வெட்டுவது

போன வருடம் ஐந்தே தாவல், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரத்தைச் சுற்றி. இந்த முறை 23 கட்டங்கள். அலெக்சாண்ட்ரியா, கெய்ரோ, லக்சர், அஸ்வான், அபு சிம்பெல், டோங்கோலா, கார்ட்டூம், பஹிர் தார், அடிஸ் அபாபா, அர்பா மிஞ்ச், லோட்வார், நைரோபி, கிளிமஞ்சாரோ, ஜான்சிபார், எம்பெயா, லிலாங்வே, லுசாகா, லிவிங்ஸ்டன், மவுன், விண்ட்ஹோக், வால்விஸ் பே, லூடெரிட்ஸ், ஸ்பிரிங்பாக், கேப் டவுன். மொத்தம் ஏறத்தாழ 5,300 கடல் மைல். கெய்ரோவிலிருந்து கேப் டவுனுக்கு நேர்கோட்டில் 3,900 தான். கூடுதலாக வருவதெல்லாம் வளைந்து போவதால்தான், அதற்காகத்தான் போகிறோம்.

மிக நீளமானவை எம்பெயா போகும் கட்டமும் விண்ட்ஹோக் போகும் கட்டமும், இரண்டும் 390-ஐ ஒட்டி. குட்டையானவற்றை ஒரே நாளில் இரண்டாக முடிக்கலாம். லக்சர், அஸ்வான், அபு சிம்பெல் ஒரே காலையில் முடிந்துவிடும். பஹிர் தாரிலிருந்து அர்பா மிஞ்ச் வரையும், நைரோபியிலிருந்து ஜான்சிபார் வரையும், விண்ட்ஹோக்கிலிருந்து லூடெரிட்ஸ் வரையும் அப்படியே. ஆக 19 ஞாயிறுகள். “பத்தொன்பது வாரமா?” என்று பாபநாசத்து நண்பர் தலையில் கை வைத்தார். ஐந்து வாரத்தில் நான்கு பேர் போய்ச் சேர்ந்ததைவிட, நான்கரை மாதத்தில் ஒன்பது பேரும் போய்ச் சேர்வது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எந்த விமானம்

இதில்தான் வாக்குவாதம் நீண்டது.

டி.பி.எம். 930 என்ற வேகமான விமானத்தை முதலிலேயே விட்டேன். 300 நாட் (மணிக்கு 300 கடல் மைல்) வேகத்தில் 28,000 அடியில் போனால் கீழே இருப்பது எதுவும் தெரியாது. போன வருடம் அதில்தான் போனோம்.

செஸ்னா 172-க்கு ஒரு பெரிய நியாயம் உண்டு. அது மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரிலும் இருக்கிறது, எக்ஸ்-பிளேனிலும் இருக்கிறது, எஃப்.எஸ்.எக்ஸிலும் இருக்கிறது. யாரும் எதையும் வாங்க வேண்டாம், இறக்க வேண்டாம். எல்லோரும் பழகியதே அதில்தான். என் மனம் ஒரு வாரம் இதன் பக்கம்தான் இருந்தது. அடிஸ் அபாபா வந்துதான் மாற்றியது.

7,600 அடி உயரத்தில் வெப்பம் 25 டிகிரி இருந்தால், எஞ்சினுக்கும் இறக்கைக்கும் கிடைக்கும் காற்று ஏறக்குறைய 10,500 அடி உயரத்துக் காற்றைப் போல மெலிந்திருக்கும். 172-ன் உச்சவரம்பே 14,000 அடி. நிலையத்தின் வடக்கே எந்தோத்தோ மலை, பஹிர் தாரிலிருந்து வரும் வழியில் நீல நைலின் பள்ளத்தாக்கும் 4,000 மீட்டர் சிகரங்களும். நாம் திருச்சியில் டேக் ஆஃப் செய்யும் பழக்கத்தில் மிக்ஸ்சர் நெம்புகோலை (எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவை மாற்றுவது) முழுக்க உள்ளே தள்ளி வைத்துக்கொண்டு கிளம்பினால், எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு என்றாகி சக்தி பாதியில் நிற்கும். நான் சோதனைக்காக நான்கு பேர் எடையோடு கிளம்பிப் பார்த்தேன். ஓடுதளம் அங்கே நீளமானது, அதனால் எழும்பியது. எழும்பிய பிறகு ஏறவில்லை.

இது புதிய பாடமில்லை. 1920 பிப்ரவரி 4-ம் தேதி பியேர் வான் ரைனெவெல்டும் குவிண்டின் பிராண்டும் லண்டன் அருகே புரூக்லாண்ட்ஸிலிருந்து ‘சில்வர் குயின்’ என்ற விக்கர்ஸ் விமி விமானத்தில் கேப் டவுனுக்குக் கிளம்பினார்கள். முதல் விமானம் எகிப்தின் தெற்கில் நொறுங்கியது. அதன் எஞ்சின்களை இன்னொரு விமியில் பொருத்திக்கொண்டு தொடர்ந்தார்கள். அதுவும் மார்ச் 6-ம் தேதி புலவாயோவில் டேக் ஆஃப் செய்யும்போது விழுந்தது. உயரமான ஊர், சூடான காற்று, இறக்கைக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை. மூன்றாவதாக ஒரு டி.எச்.9 விமானம் கிடைத்து, மார்ச் 20-ம் தேதி கேப் டவுன் சேர்ந்தார்கள். மூன்று விமானம் தேவைப்பட்டும் அவர்கள் பயணத்தை விடவில்லை. இது எனக்கு இரண்டு வகையில் பயன்பட்டது. ஒன்று, 172-ஐ விட்டேன். இரண்டு, நொறுக்கிவிட்டவர் கடைசியாக நின்ற நிலையத்திலிருந்து புது விமானத்தில் தொடரலாம் என்ற விதியை எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதிவிட்டேன்.

டி.சி.-3 மேல் மயிலாடுதுறை ஐயாவுக்குத் தீராத ஆசை. 1935-ல் முதலில் பறந்த அந்த விமானம் ஆப்பிரிக்காவின் எல்லா மூலைக்கும் போயிருக்கிறது. இரண்டு எஞ்சின், 150 நாட் வேகம், குழுவுக்குப் பொருத்தமான வேகம்தான். எஃப்.எஸ்.எக்ஸில் இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் 2022 நவம்பரில் வந்த நாற்பதாம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆனால் பின்னால் சக்கரம் வைத்த விமானம். தரையில் வேகம் குறையும்போது கால் மிதி கொஞ்சம் தவறினால் ஓடுதளத்திலேயே சுழன்றுவிடும். மிதி இல்லாமல் ஜாய்ஸ்டிக்கைத் திருகியே ஓட்டுகிற மூன்று பேர் எங்களிடம் இருக்கிறார்கள். ஐயாவிடம் சொன்னபோது, “சரி, நான் மட்டும் அதுல வர்றேன், நீங்க வேகத்தைப் பார்த்துக்குங்க” என்றார். ஒத்துக்கொண்டேன்.

மற்றவர்களுக்கு செஸ்னா கிராண்ட் கேரவன். இறக்கை மேலே இருப்பதால் கீழே எதுவும் மறையாது. டர்பைன் எஞ்சின், மிக்ஸ்சர் தொல்லை இல்லை. டார்க் (சுழல் விசை) முள்ளையும் வெப்ப முள்ளையும் சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அடிஸ் அபாபாவிலும் ஏறும், மண் ஓடுதளத்திலும் இறங்கும். கென்யாவிலும் போட்ஸ்வானாவிலும் நிஜமாகவே மக்கள் ஏறி இறங்குகிற விமானம் என்பதால் மவுனில் போய் நிற்கும்போது ஊரோடு ஒட்டி நிற்போம். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் அடிப்படைப் பதிப்பிலேயே இருக்கிறது, எஃப்.எஸ்.எக்ஸிலும் இருக்கிறது. எக்ஸ்-பிளேனோடு வருவதில்லை. அக்கா அதிலிருக்கும் கிங் ஏர் சி90-ஐ எடுத்து, எங்கள் வேகத்துக்குத் த்ராட்டிலைக் குறைத்து வருகிறேன் என்றார். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள முன்வந்தது எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது.

புதிய கேரவன் 170-க்கு மேலும் போகும். எஃப்.எஸ்.எக்ஸில் இருப்பது பழைய, சக்தி குறைந்த எஞ்சின். அதனால் குழு வேகம் 160 நாட் என்று வைத்தேன். தம்பியின் விமானம் எவ்வளவு போகுமோ அவ்வளவு. ஐயாவின் டி.சி.-3 மட்டும் பத்து நிமிடம் முன்னால் கிளம்பிவிடும். மொத்தம் 33 மணி நேரம், எந்தக் கட்டமும் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டாது. 172-ல் போயிருந்தால் 46 மணி நேரம் ஆகியிருக்கும்.

எதில் இணைவது

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்குள்ளேயே குழு சேர்ந்து பறக்கும் வசதி இருக்கிறது. அழைப்பு அனுப்பினால் போதும், மிகச் சுலபம். போன வருடம் அதில்தான் பறந்தோம். ஆனால் அதில் அக்காவுக்கும் தம்பிக்கும் இடமில்லை.

வாட்சிம் 2001-லிருந்து இயங்கும் இலவச வலையமைப்பு. நிஜ மனிதர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்கார்ந்து குரலில் வழிகாட்டுவார்கள். எந்த சிமுலேட்டரிலிருந்தும் சேரலாம். ஒழுக்கமும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் கட்டுப்பாட்டாளர் அமர்ந்திருப்பது அரிது. 122.800 அலைவரிசையில் நமக்கு நாமே நிலையைச் சொல்லிக்கொண்டு போக வேண்டியதுதான். தவிர, விமானத்தை நெடுநேரம் தனியே விட்டுவிட்டு எழுந்து போக அங்கே அனுமதியில்லை. அது நியாயமான விதிதான். ஆனால் பறந்துகொண்டிருக்கும்போதே மோட்டார் நிறுத்தப் போக வேண்டிய மன்னார்குடி அண்ணனுக்கு ஒத்துவராது.

ஜாயின்எஃப்எஸ் என்ற இலவச நிரல் மூன்றாவது வழி. வெவ்வேறு சிமுலேட்டரில் இருப்பவர்களை ஒரே வானத்தில் காட்டும். ஒருவரிடம் இல்லாத விமானத்துக்குப் பதிலாக அவரிடம் இருக்கும் ஒன்றைக் காட்டிவிடும். அதனால் தம்பியின் திரையில் அக்கா வேறு ஏதோ விமானத்தில் வருவதாகத் தெரியலாம். கொஞ்சம் கைவேலை உண்டு. யாராவது ஒருவர் தன் ரவுட்டரில் வாசலை (போர்ட்) மற்றவர்கள் இணைவதற்காகத் திறந்துவைத்து நடத்த வேண்டும். எங்கள் வீட்டு இணைப்புகளில் அது அமையவில்லை, சிங்கப்பூர் நண்பரின் இணைப்பில் அமைந்தது. இதைத்தான் எடுத்தோம். பேச்சுக்கு டிஸ்கார்ட். வழி வரைய லிட்டில் நாவ்மேப், அதுவும் இலவசம். கேப் டவுனில் இறங்கும் கடைசிக் கட்டத்தை மட்டும், ஆள் இருந்தால், வாட்சிமில் பறக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

எந்த மாதம், எந்த மணி

ஜூனில் தொடங்கலாம் என்ற யோசனை வந்தது. அண்ணன் குறுவை நாற்றங்காலில் நிற்பார். எத்தியோப்பியாவில் பெருமழைக் காலம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. அந்த ஊரின் அப்போதைய நிஜ வானிலையைச் சிமுலேட்டரில் காட்டும் நேரடி வானிலையில் பறந்தால் அந்த மலைகளுக்கு நடுவே எதுவும் தெரியாது. அக்டோபரில் தொடங்கினால் நமக்கு வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நாட்கணக்கில், சில ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு அந்த மாதங்களில் எதையும் திட்டமிட மனம் வராது.

பிப்ரவரி முதல் ஞாயிறு தொடங்கினால் சம்பா அறுவடை முடிந்திருக்கும். 19 வாரம் எண்ணினால் ஜூன் நடு, மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி வருகிறது. சூடான் வறண்டிருக்கும், எத்தியோப்பியா பெருமழைக்கு முன், தென்பகுதியில் கேப் டவுன் நீங்கலாக மழை ஓய்ந்த பிறகு. பெரிதாக இடிப்பது ஒரே இடம்தான். கென்யாவுக்கு மார்ச் கடைசியில் போய்ச் சேர்வோம், அங்கே அப்போது நீண்ட மழைக்காலம். 5,895 மீட்டர் கிளிமஞ்சாரோ மேகத்துக்குள் மறைந்துவிட்டால் எல்லோருக்கும் ஏமாற்றம். அந்த ஒரு ஞாயிறு மட்டும் நேரடி வானிலையை விட்டுவிட்டுத் தெளிந்த வானத்தை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு. எப்போதும் நேரடி வானிலைதான் என்று அடம்பிடிப்பவன் நான். இதில் விட்டுக்கொடுத்தேன்.

மணியைப் பொறுத்தவரை இரவு எட்டு மணி பலருக்கு வசதி. அப்போது நைரோபியில் மாலை ஐந்தரை, ஒரு மணி நேரத்தில் இருட்டிவிடும். சிமுலேட்டரில் கடிகாரத்தை மாற்றி வைக்கலாம், ஆனால் ஒன்பது பேரும் ஒரே மாதிரி மாற்ற வேண்டும். யாராவது ஒருவர் மறந்து, இருட்டில் பறந்துகொண்டிருப்பார். மாலை நான்கு மணியில் பறந்தால் அங்கே பகல் ஒன்றரை, இடிமேகம் கட்டும் நேரம். ஞாயிறு காலை பத்தரை என்றால் கெய்ரோவில் ஏழு, நைரோபியில் எட்டு, சிங்கப்பூரில் பகல் ஒரு மணி. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துவதும் இங்கே பெரும்பாலும் வேலை நாட்களில்தான். காலை பத்தரையே நின்றது. வால்விஸ் பே போகும் ஞாயிறு மட்டும் பகல் இரண்டு மணிக்குக் கிளம்புகிறோம். குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தால் அந்தக் கரையில் காலையில் மூடுபனி இறங்கி ஓடுதளத்தையே மறைத்துவிடும்.

வராதவருக்கு என்ன செய்வது

எல்லோரும் வந்தால்தான் கிளம்புவது என்று வைத்தால் கிளம்பவே மாட்டோம். வராதவரை அடுத்த நிலையத்தில் நேராகத் தூக்கி வைத்துவிடலாம் என்றார் ஒரு நண்பர். தம்பிக்கே அது பிடிக்கவில்லை: “அண்ணே, பறக்காம எப்படி வந்தேன்னு சொல்றது?” விட்ட கட்டத்தை அடுத்த சனிக்கிழமைக்குள் தனியாகவோ துணையோடோ பறந்து முடித்துவிட வேண்டும் என்பது இப்போதைய விதி. துணைக்கு ஒவ்வொரு வாரமும் ஒருவர் முறை வைத்துக் காத்திருப்பார், முறைப் பாசனம் மாதிரி. நடுவானில் கரண்ட் போனால், நின்ற இடத்தின் பெயரையும் உயரத்தையும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, கரண்ட் வந்ததும் அதே புள்ளியில் வானத்திலிருந்தே தொடங்கலாம். நான்காவது ஞாயிறும் பத்தாவது ஞாயிறும் பின்தங்கியவர்கள் இருந்தால் அந்த வாரம் யாரும் நகரமாட்டோம். மேட்டூர் தேதி கொஞ்சம் தள்ளிப் போகும், அண்ணன் சரி என்று சொல்லிவிட்டார்.

முதல் கட்டத்துக்கான வழி வரைந்து எல்லோருக்கும் அனுப்பியாயிற்று. போர்க் எல் அராபில் காலை ஏழு மணிக்கு எஞ்சின், அங்கிருந்து ரஷீத் முகத்துவாரம், பிறகு 1,500 அடி உயரத்தில் ஆற்றை விட்டு விலகாமல் தடுப்பணை வரை, அப்புறம் கெய்ரோ. மொத்தம் 145 கடல் மைல், ஒரு மணி நேரத்துக்குள் முடியும். தம்பி தன் லேப்டாப்பில் நேற்று இரவு ஒரு முறை ஒத்திகை பார்த்துவிட்டார். அவர் திரையில் வயல்கள் கலங்கலாகத்தான் தெரிகின்றன, ஆறு தெளிவாகத் தெரிகிறதாம்.